சரக்கைப் படம் பிடிக்க ஓர் அறை

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வரும் கூட்டத்தை வைத்துத்தான் தேரடித் தெருவிலும் சன்னதித் தெருவிலும் பூஜைச் சாமான் வியாபாரம் நடக்கிறது என்பது நாம் அனைவரும் அறிந்ததே. வந்தவர் ஒரு காமாட்சி விளக்கையோ பித்தளைச் சொம்பையோ வாங்கிக் கொண்டு போகிறார். ஊர் போய்ச் சேர்ந்து பத்து நாள் கழித்து அவருடைய சம்பந்தி வீட்டாருக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டியிருக்கிறது. முன்பு அதற்குக் கார்டு எழுதுவார்கள், நாம் வி.பி.பி.யில் அனுப்புவோம். இப்போது "படம் அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் டியூப் லைட் வெளிச்சத்தில், பின்னால் தினசரிக் காலண்டரும் டீ டம்ளரும் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்புகிறோம். அந்தப் படத்தில் பித்தளை எது, செம்பு எது என்று நமக்கே தெரிவதில்லை.

நாங்கள் பாத்திரமும் பூஜைச் சாமான்களும் மொத்தமாக விற்பவர்கள். ஆன்லைனில் கடை போட்ட பிறகு, குடோனுக்கு மேல் மாடியில் 10-க்கு 14 அடி அறை ஒன்றைப் படம் எடுப்பதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம். நமது சங்க உறுப்பினர்கள் பலரும் இதற்கு என்ன செலவாகும், சென்னையிலிருந்து ஆள் வர வேண்டுமா என்று கேட்பதால் இதை எழுதுகிறோம்.

படத்தை நாம் அலங்காரம் என்று நினைக்கிறோம். மொத்த வியாபாரத்தில் இருப்பவர்கள் அதை சாம்பிள் என்று நினைத்துக் கொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். ஜவுளி ஏஜெண்டு பையில் கொண்டு வரும் சாம்பிள் பிட்டும், மண்டியில் உள்ளங்கையில் கொட்டிக் காட்டும் பருப்பும் எதற்காக? பின்னால் வரும் மூட்டை இப்படித்தான் இருக்கும் என்ற உறுதிக்காக. சாம்பிள் ஒன்றும் சரக்கு ஒன்றுமாக இருந்தால் அந்தக் கடையில் மறுபடி யாரும் ஆர்டர் கொடுக்க மாட்டார்கள். அஞ்சல் வழி வியாபாரம் இதை முன்பே கண்டிருக்கிறது. 1872-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஆரன் மாண்ட்கோமரி வார்டு என்பவர் ஒரே தாளில் விலைப்பட்டியல் அச்சிட்டுக் கிராமத்து விவசாயிகளுக்கு அனுப்பி வியாபாரம் தொடங்கினார். பார்க்காமல் வாங்குபவர் எப்படி நம்புவார்? சில ஆண்டுகளுக்குள்ளாகவே, பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்று அவர் அறிவிக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் பிளிப்கார்ட் 2007-இல் பெங்களூரில் புத்தகத்தை வைத்துத்தான் ஆரம்பித்தது. அமேசான் 2013 ஜூனில் இங்கே வந்தபோதும் புத்தகமும் சினிமாவும்தான் முதல் சரக்கு. புத்தகம் எந்தக் கடையில் வாங்கினாலும் ஒன்றே. அட்டைப் படம் இருந்தால் போதும். நம் சரக்கு அப்படியல்ல. கனம், நிறம், வேலைப்பாடு மூன்றையும் தொட்டுப் பார்த்தே வாங்கிப் பழகியவர்களுக்கு நாம் படத்தைக் காட்டி விற்க வேண்டியிருக்கிறது.

திரும்பி வரும் சரக்கின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு விளக்கில் நமக்கு 120 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக் கொள்வோம். அனுப்ப 90 ரூபாய், திரும்பி வர 90 ரூபாய் என்றால், ஒன்று திரும்பினால் 180 ரூபாய் போயிற்று. ஒன்றரை விளக்கின் லாபம் அதில் கரைந்துவிட்டது. திரும்பி வந்த விளக்கில் கீறல் இருந்தால் அது தனி. நல்ல படம் எடுத்தால் விற்பனை கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, உண்மையான படம் எடுத்தால் திரும்பி வருவது குறையும் என்பதுதான்.

சட்டமும் இதையே சொல்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்டன. அதன்படி ஆன்லைன் சந்தையில் விற்கிறவர், தான் கொடுக்கும் விவரமும் படமும் பொருளின் தோற்றம், தன்மை, தரம் ஆகியவற்றோடு பொருந்தியிருக்கும் என்று அந்தச் சந்தை நிறுவனத்துக்கு உறுதிமொழி கொடுக்க வேண்டும். விளம்பரத்தில் காட்டியபடி பொருள் இல்லையென்றால் திரும்பப் பெற மறுக்கவும் பணத்தைத் தர மறுக்கவும் முடியாது. "படம் மாதிரிக்கு மட்டும்" என்று ஓரத்தில் எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த விதியை ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

வெளிச்சம்

இனி அறைக்கு வருவோம். புத்தகங்களில் வடக்குப் பார்த்த ஜன்னலே படத்துக்கு உத்தமம் என்று போட்டிருக்கும். அது வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரை வைத்து எழுதியது. நமது திருவண்ணாமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 12 பாகையில் இருக்கிறது. சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சி வெயிலே நமக்குச் சற்று வடக்கே நிற்கும். காலை மாலை வெயிலும் அந்த மாதங்களில் வடக்கு ஜன்னல் வழியாகவே உள்ளே வரும். ஆகவே ஜன்னலை நம்பாமல், கறுப்புத் துணி போட்டு மூடிவிட்டு, விளக்கு வெளிச்சத்திலேயே வேலை செய்வது மேல். காலையில் எடுத்த சொம்பும் மாலையில் எடுத்த சொம்பும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டுமானால் வேறு வழியில்லை.

விளக்கு இரண்டு போதும். ஆனால் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும். வாங்கும்போது வாட்ஸ் எத்தனை என்று மட்டும் கேட்காமல் சி.ஆர்.ஐ. எத்தனை என்று கேளுங்கள். நிறத்தை நிறமாகக் காட்டும் திறனுக்கு 100 வரை போடும் மதிப்பெண் அது. வீட்டுக்கு வாங்கும் எல்.இ.டி. பல்புகள் 80 அளவில் இருக்கும். படத்துக்கு 95-க்கு மேல் வேண்டும். வெளிச்சத்தின் நிறம் பகல் வெளிச்சத்தை ஒத்து 5,500 கெல்வின் அளவில் இருக்கட்டும். அறையில் உள்ள பழைய டியூப் லைட்டைப் படம் எடுக்கும்போது அணைத்துவிட வேண்டும். இரண்டு வித வெளிச்சம் கலந்தால் ஒரு பக்கம் நீலமும் ஒரு பக்கம் மஞ்சளுமாக வரும், பிறகு எதனாலும் திருத்த முடியாது. மலிவான விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் விநாடிக்கு 100 முறை துடிக்கும். படத்தில் குறுக்குப் பட்டைகள் விழுந்தால் காரணம் அதுதான். காமிராவின் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

காமிரா வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நல்ல செல்போன் போதும், ஆனால் ஸ்டாண்டு கண்டிப்பாக வேண்டும். மிகக் கிட்டே போய் எடுத்தால் விளக்கின் தண்டு ஒல்லியாகவும் முன்பக்கத் தட்டு அகலமாகவும் காட்டும். நான்கடி தள்ளி நின்று 2 மடங்கு லென்ஸில் எடுப்பது சரி. பெரிய சந்தைகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமேசானில் முதல் படம் சுத்த வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும், பொருள் படத்தில் 85 சதவீத இடத்தை அடைக்க வேண்டும், எழுத்தோ கடைப் பெயரோ அதன் மேல் வரக் கூடாது. பெரிதாக்கிப் பார்க்க நீளப் பக்கம் 1,000 புள்ளிகளாவது வேண்டும். பின்னணிக்கு ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் பெரிய வெள்ளைச் சார்ட்டைச் சுவரிலிருந்து மேஜை வரை மடிப்பு விழாமல் வளைத்துவிட்டால் ஆயிற்று. எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிட தெர்மோகோல் அட்டைக்கு மிஞ்சியது எதுவும் இல்லை.

எவர்சில்வரும் பித்தளையும்தான் சோதனை. எவர்சில்வர் டம்ளரைப் படம் எடுத்தால் டம்ளர் தெரியாது. எடுத்தவர் முகமும் அவர் கையிலுள்ள போனும் மேலே சுற்றும் ஃபேனும் தெரியும். பளபளக்கும் பொருள் கண்ணாடி மாதிரி, தன் எதிரில் உள்ளதையே காட்டும். எதிரில் வெள்ளை மட்டும் இருக்கும்படி செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. நாங்கள் நான்கு குழாய்க் கம்பி நட்டு, கரையில்லாத வெள்ளை மல் வேட்டியைச் சுற்றிலும் மேலும் கட்டி, லென்ஸ் நுழையும் அளவுக்கு ஒரு துளை விட்டிருக்கிறோம். விளக்குகள் வேட்டிக்கு வெளியே நிற்கும். உள்ளே எல்லாம் வெள்ளையாகிவிட்டால் பாத்திரத்தின் விளிம்பு பின்னணியோடு கலந்துவிடும். அதற்குப் படத்தில் விழாதபடி இரண்டு ஓரத்திலும் கறுப்பு அட்டைப் பட்டை ஒன்று நிறுத்தினால், பாத்திரத்தின் இரு பக்கமும் மெல்லிய கறுப்புக் கோடு விழுந்து உருவம் எடுப்பாகத் தெரியும். கற்பூரமும் விபூதியும் வெள்ளையில் வெள்ளையாகக் காணாமல் போவதற்கும் இதே வைத்தியம்தான்.

பித்தளையில் இன்னொரு சங்கதி. படம் முழுக்க மஞ்சளாக இருந்தால் போன் அதைத் தானாகவே "சரி" செய்து வெளுக்க வைத்துவிடும். ஆகவே தானியங்கி நிறத்தை நிறுத்திவிட்டு, சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்து முதலில் நிறத்தை நிலைப்படுத்திக் கொள்ள வேண்டும். அந்த அட்டை காமிராக் கடைகளில் கிடைக்கும். எரிகிற விளக்கைக் காட்டச் சொல்லிக் கார்த்திகை தீபத்துக்கு முன் நிறையப் பேர் கேட்பார்கள். அதைத் தனிப் படமாக, விளக்குகளைக் குறைத்து எடுப்பதே முறை. திரிச் சுடரின் மஞ்சளில் பித்தளையும் செம்பும் ஒன்றாகிவிடுவதால் அதை முதல் படமாகப் போடக் கூடாது.

பட்டு

ஜவுளிக்காரர்களின் கஷ்டம் எங்களுடையதைவிடப் பெரிது. நமது மாவட்டத்து ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது, காஞ்சிபுரத்தைவிடக் கனம் குறைவு, கட்டுவதற்கு இலகு. அதைப் படத்தில் காட்டுவது எப்படி? வாடாமல்லி நிறத்தைப் பெரும்பாலான போன் திரைகளால் முழுமையாகக் காட்டவே முடியாது, நீலமாகவோ ரோஸாகவோ சாய்ந்துவிடும். மயில்கழுத்து போன்ற இரட்டைச் சாயல் புடவைகளில் பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம். பார்க்கும் கோணம் மாற நிறமும் மாறும். நேரே ஒரு படம், சாய்த்து ஒரு படம், கொசுவம் வைத்து மடித்து ஒரு படம் என்று மூன்று எடுத்தால்தான் வாங்குபவருக்கு விளங்கும். இரட்டைச் சாயல் என்பதைத் தமிழில் எழுதியும் விட வேண்டும். ஜரிகை ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக வரும் வெளிச்சத்தில்தான் மின்னும். நேர் வெளிச்சத்தில் மங்கிப் போகும். மொத்தமாக வாங்கும் கடைக்காரருக்குப் படத்தோடு நிறுத்தாமல் ஒரு துண்டு சாம்பிளைத் தபாலில் அனுப்புவதே இன்றும் சரியான வழி.

செல்போனில் பின்னணியை மாற்றித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது நிறைய வந்திருக்கின்றன. பின்னணியை வெள்ளையாக்க அவற்றை உபயோகிப்பதில் தவறில்லை. ஆனால் சில சமயம் முந்தானையின் அன்னத்தையும் விளக்கின் தலையிலுள்ள வேலைப்பாட்டையும் அதுவாகவே புதிதாக வரைந்துவிடுகிறது. படத்தில் ஏழு அன்னம் இருந்து புடவையில் ஐந்து இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அனுப்புமுன் சரக்கைப் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். கல்யாணப் படம் எடுப்பவர்களைக் கூப்பிட்டாலும் இதே எச்சரிக்கை வேண்டும். அவர்களுக்கு எதையும் பளிச்சென்று காட்டியே பழக்கம்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து அங்குலக் குத்துவிளக்கும் இரண்டடிக் குத்துவிளக்கும் வெள்ளைப் பின்னணியில் ஒரே உயரமாகத் தெரியும். இரண்டாம் படத்தில் பக்கத்தில் ஸ்கேல் வைக்கலாம். சிறு சாமானுக்குப் பத்து ரூபாய் நாணயம் போதும். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். பித்தளைக்கு எங்கள் பழக்கம், முத்திரை வைத்த எலெக்ட்ரானிக் தராசில் பொருளை ஏற்றி, எடை எண் தெரியும்படி ஒரு படம். கனம் குறைந்த விளக்கைக் குறைந்த விலைக்குப் போட்டு விற்பவர்களோடு போட்டி போட இந்த ஒரு படம் பத்து வரி எழுதுவதைவிட உதவுகிறது.

மளிகைக்காரர்கள் பாக்கெட்டின் முன்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பொட்டலப் பொருட்களை ஆன்லைனில் விற்கும்போது தயாரிப்பாளர் அல்லது பாக்கெட் போட்டவர் பெயரும் முகவரியும், நிகர எடை, எம்.ஆர்.பி. முதலியவற்றைக் காட்ட வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதிகளின் கீழ் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. பின்பக்க லேபிளையும் படிக்கும்படி எடுங்கள். விலை மாறிய அன்றே படத்தையும் மாற்றிவிட வேண்டும்.

இன்னொரு பழக்கம் நமக்குள் பரவியிருக்கிறது. ஒரு கடை கஷ்டப்பட்டு எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்து மற்றவர் தம் பெயரில் போட்டுக் கொள்வது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்துக்கு முதல் உரிமையாளர். அடுத்தவர் படத்தைப் போட்டு நம் சரக்கை அனுப்பினால், உரிமைப் பிரச்சினை ஒரு பக்கம், படமும் பொருளும் பொருந்தாத பிரச்சினை மறுபக்கம்.

எல்லாக் கடைக்காரருக்கும் தனி அறை கட்டுப்படியாகாது. சிறிய கடைகளில் மாதத்துக்கு நாலைந்து புதுச் சரக்குத்தான் வரும். ஆகவே சங்கத்தின் செலவில் பொது அறை ஒன்று ஏற்படுத்தி, இரண்டு விளக்கு, ஒரு ஸ்டாண்டு, ஒரு தராசு, இன்வெர்ட்டர் இணைப்பு ஆகியவற்றைப் போட்டு வைத்து, உறுப்பினர்களிடம் மணிக்கு இவ்வளவு என்று வாங்கலாம் என்பது எங்கள் யோசனை. சென்னைக்குச் சரக்கைக் கட்டி எடுத்துப் போய், படம் எடுத்து, மறுபடி கட்டிக் கொண்டு வருகிற வண்டிச் சத்தத்தை மிச்சப்படுத்தினாலே அறைக்குப் போட்ட முதல் திரும்பிவிடும். பாத்திரத்துக்கும் ஜவுளிக்கும் தனித்தனி நாள் ஒதுக்க வேண்டியிருக்கும். வேட்டிக் கூடாரத்தைப் பிரித்துக் கட்ட அரை நாள் பிடிக்கிறது. பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் யாருக்கும் நேரமிருக்காது, அந்த நாட்களில் அறையைப் பூட்டி வைத்துவிடலாம்.