ஒரு விநாடிப் பாட்டுக்கு 5,880 அட்டை

சேத்துப்பட்டு, ஆரணி வட்டாரத்தில் நெய்த பட்டுச்சேலையின் முந்தானையில் மயில் இருக்கலாம், மாங்காய் இருக்கலாம். எதுவானாலும் அது ‘ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை’ என்ற இரண்டே குறிப்புகளால் எழுதப்பட்டது. தறியின் தலைக்குமேல் ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாகத் தொங்கும். மிதியை ஒருமுறை அழுத்தினால் ஓர் அட்டை வந்து நிற்கும். ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அந்த ஊசிக்குரிய கொக்கி பாவு இழையை மேலே தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும். இழை கிடந்த இடத்திலேயே கிடக்கும். தூக்கிய இழைகளுக்கு அடியில் நாடா ஓடும். அடுத்த மிதி, அடுத்த அட்டை.

தறிப்பக்கத்தில் போனில் பாட்டு ஓடினால், அந்தப் பாட்டும் இதே முறையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று அல்லது சுழியம். அப்படி ஓர் ‘உண்டு–இல்லை’க்குப் பெயர் பிட். 240 கொக்கிப் பெட்டி என்றால் ஓர் அட்டைக்கு 240 பிட். சிடி தரத்தில் ஒரு விநாடிப் பாட்டுக்கு, இரண்டு காதுக்கும் சேர்த்து, 14,11,200 பிட் வேண்டும். வகுத்துப் பாருங்கள்: 5,880 அட்டை. ஐந்து நிமிடப் பாட்டுக்கு 17 லட்சத்து 64 ஆயிரம். 1839-இல் லியோன் நகரத்தில் அந்தப் பெட்டிக்குப் பெயர் தந்த ஜக்கார்டின் உருவப்படத்தைப் பட்டில் நெய்ய 24,000 அட்டை பிடித்தது. கணிப்பொறியின் முன்னோடி சார்லஸ் பாபேஜ் அதில் ஒரு படத்தை வாங்கி வைத்திருந்தார். வீட்டுக்கு வந்தவர்கள் அச்சுப்படம் என்றே நினைத்தார்கள். அந்த அட்டைகள் நம்முடையதைவிடப் பெரியவை. 240 துளைக் கணக்கில் 24,000 அட்டை இருந்தால், நான்கு விநாடிப் பாட்டோடு தீர்ந்துவிடும்.

சட்டைப்பையில் அடங்கும் ஹை-ஃபை மியூசிக் பிளேயர் இந்த அட்டைக் குவியலைத்தான் ஓசையில்லாமல் புரட்டிக்கொண்டிருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது, சில லட்சத்துக்கும் கிடைக்கிறது. விலை ஏற ஏற ஒலியும் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டுமானால், அட்டை எப்படி அலையாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். அதை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதிக்கொள்வதுதான் சிடி. இதற்கு மாதிரியெடுப்பு என்று பெயர். அதென்ன 44,100? எண்பதுகளின் வாசலில் இவ்வளவு எண்களைக் கொட்டிவைக்கக் கையில் இருந்த ஒரே வசதி வீடியோ டேப். திரையின் ஒரு கோட்டுக்கு 3 எண், ஒரு புலத்துக்கு 245 கோடு, விநாடிக்கு 60 புலம். பெருக்கினால் 44,100. ஐரோப்பிய வீடியோ முறையில் 294 கோடு, 50 புலம். பெருக்கினால் அதே 44,100. இன்றைக்கு நம் போனில் ஓடும் பாட்டுக்குள்ளும் அந்தப் பழைய டேப்பின் கணக்கு உட்கார்ந்திருக்கிறது.

ஒவ்வோர் அளவும் 16 பிட்டில் எழுதப்படுகிறது. அதாவது 65,536 படிகளில் ஒன்று. இங்கேதான் தறி உவமை கைவிடுகிறது. மயிலின் கழுத்தைக் கண்ணருகே கொண்டுபோனால் வளைவு மறைந்து படிப்படியாகத் தெரியும். டிஜிட்டல் ஒலியும் அப்படித்தான் படிக்கட்டாக வரும் என்று விளம்பரங்கள் படம் போட்டுக் காட்டுகின்றன; படிகளை இன்னும் பொடியாக்கிய விலையுயர்ந்த கோப்பை வாங்கச் சொல்கின்றன. அந்தப் படமே தப்பு. ஓர் அலையில் உள்ள அதிர்வுகள் ஓர் உச்சவரம்பைத் தாண்டாவிட்டால், அந்த வரம்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வேகத்தில் புள்ளி வைத்தால் போதும். அந்தப் புள்ளிகள் வழியாக ஒரே ஒரு வளைகோடுதான் போக முடியும். கிளாட் ஷானன் 1949-இல் வெளியிட்ட நிரூபணம் இது. மனிதக் காது கேட்பது விநாடிக்கு 20,000 அதிர்வு வரை. இரண்டு மடங்கு 40,000. 44,100 அதைத் தாண்டிவிட்டது. பிளேயரின் கடைசி வடிகட்டி வழியே வெளியே வருவது வழுவழுப்பான கோடு. புள்ளிகளுக்கு நடுவே இருந்த வளைவும் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது.

அப்படியானால் 24 பிட் கோப்புகள் எதற்கு? 24 பிட் என்றால் 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் படிகள். பிளேயரின் முழு வெளியீடு 2 வோல்ட் என்று கொண்டால், ஒரு படியின் உயரம் ஒரு மைக்ரோவோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு கிலோ ஓம் மின்தடை ஒன்றை எந்தச் சுற்றிலும் சேர்க்காமல் மேசைமேல் வையுங்கள். அதற்குள் எலக்ட்ரான்கள் வெறும் அறைவெப்பத்திலேயே நடுங்கி, காது கேட்கும் எல்லைக்குள் அரை மைக்ரோவோல்ட்டுக்கு மேல் இரைச்சல் போட்டுக்கொண்டிருக்கும். கடைசிப் படிகள் அந்த நடுக்கத்தில் மூழ்கிவிடுகின்றன. மிக உயர்ந்த சில்லுகளே 21 பிட் அளவில் நின்றுவிடும். ஒலிப்பதிவுக் கூடத்தில் 24 பிட் பெரிய வசதி; பாடுகிறவர் திடீரென்று குரலை உயர்த்தினாலும் தாங்க இடம் இருக்கும். காதுக்கு வந்து சேரும் இடத்தில் அது பெரும்பாலும் பெருமைக்கு.

பழைய பாட்டென்றால் இன்னும் தெளிவு. 1978-இல் வந்த ‘ப்ரியா’ படம், தமிழில் ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்கு முன்னோடி. அந்தக் காலத்துக் காந்த நாடாவின் உரத்த ஒலிக்கும் அதன் சொந்த இரைச்சலுக்கும் நடுவில் இருந்தது சுமார் 70 டெசிபல். டெசிபல் என்பது ஒலி மட்டத்தை ஒப்பிடும் அளவு. ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6. எனவே அந்த நாடா முழுவதும் 12 பிட்டுக்குள் அடங்கிவிடும். அதை 24 பிட்டில் வாங்கினால் கூடுதலாகக் கிடைப்பது, நாடாவின் ‘உஸ்’ சத்தத்தின் மிகத் துல்லியமான நகல்.

காதுகளைக் கேட்டாலும் இதையேதான் சொல்கின்றன. அமெரிக்காவின் பாஸ்டனில் மேயர், மோரன் இருவரும் உயர்தரப் பதிவையும் அதையே சிடி தரத்துக்குக் குறைத்ததையும் எது எதுவென்று சொல்லாமல் போட்டுக் காட்டினார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276 முறை. காசைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். 2007-இல் வெளியான முடிவு அது. 2016-இல் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 52.3 சதவீதம் வந்தது. புள்ளியியல் கண்ணுக்கு அது சுழியம் இல்லை. மாதச் சம்பளத்தைக் கொட்ட அது போதுமா என்பது அவரவர் பாடு.

எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் சில்லுக்கு எண்–அலை மாற்றி என்று பெயர் வைக்கலாம். கடைக்காரர்கள் ‘டாக்’ என்பார்கள். 65,536 படிகளுக்கும் 65,536 மின்னழுத்தங்களைத் துல்லியமாகச் செய்வது படு கஷ்டம். சிறிய பிசகும் கேட்டுவிடும். 1962-இல் ஜப்பானில் இனோசே, யசுதா ஆகியோர் விவரித்த டெல்டா–சிக்மா முறை அந்தக் கஷ்டத்தையே சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. இரண்டு மூன்று மட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு விநாடிக்குப் பல லட்சம் முறை மாற்றி மாற்றிப் போடு. சராசரி தானாகச் சரியான உயரத்துக்கு வரும். அவசரத்தில் விளையும் பிழையும் காது கேட்காத உயர் அதிர்வுகளின் பக்கம் தள்ளப்படுகிறது. இதன் எல்லைக்குப் போனது டிஎஸ்டி முறை. ஒரே பிட், விநாடிக்கு 28,22,400 முறை.

இத்தனை லட்சம் முறையும் தாளம் தப்பாமல் விழ வேண்டும். தாளம் போடுவது ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம். நல்ல பிளேயரில் இரண்டு இருக்கும். 44,100-இன் 512 மடங்கில் துடிப்பது ஒன்று, இன்றைய வீடியோ ஒலியின் 48,000-இன் 512 மடங்கில் துடிப்பது இன்னொன்று. பல ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாவற்றையும் 48,000-க்கு மாற்றிக் கணக்குப் போட்டே வெளியே விடும். கணக்கு ஒழுங்காக இருந்தால் காதுக்குத் தெரியாது. ஆனால் தனிப் பிளேயர் அந்த வேலையே வைக்காது.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் இன்றைய சில்லுகள் கிட்டத்தட்ட எல்லாமே தேறிவிடுகின்றன. வித்தியாசம் தெரிவது கடைசி அங்குலத்தில், இயர்போன் செருகும் துளையில். பிளேயரின் பெருக்கி தன் பங்குக்குச் சிறிது தடையை வைத்திருக்கும். அது வெளியீட்டுத் தடை. சில இயர்போன்களுக்குள் நான்கைந்து குட்டி ஒலிப்பான்கள் இருக்கும். அவற்றின் தடை ஒலியின் உயரத்துக்குத் தக்கபடி மாறும். தாழ்ந்த ஒலியில் 32 ஓம், உச்சியில் 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வெளியீட்டுத் தடை 10 ஓம் என்றால் தாழ்ந்த ஒலிக்கு 76 சதவீத மின்னழுத்தம் போய்ச் சேரும், உச்சிக்கு 44 சதவீதம்தான். ஏறக்குறைய 4.7 டெசிபல் சரிவு. ஜால்ரா மங்கி, மிருதங்கத்தின் தொப்பி முன்னுக்கு வந்து நிற்கும். தடை 1 ஓம் ஆனால் சரிவு 0.8 டெசிபலுக்குள் சுருங்கிவிடும். ‘இந்தப் பிளேயரில் பேஸ் அபாரம்’ என்று கொண்டாடப்படும் பல பெட்டிகளின் ரகசியம் இந்தக் குறைதான்!

விலைக்கும் இந்த ஓம் கணக்குக்கும் சம்பந்தம் குறைவு. ஆப்பிள் விற்கும் விரல்நீள யூஎஸ்பி–சி வயரின் முனைக்குள் மாற்றியும் பெருக்கியும் இருக்கின்றன. வெளியீட்டுத் தடை 1 ஓம் அளவில்தான். மறுகோடியில் சோனி 2016-இல் கொண்டுவந்த என்டபிள்யூ–டபிள்யூஎம்1இசட். தங்கமுலாம் பூசிய செம்புக் கட்டியைக் குடைந்து செய்த கூடு, 455 கிராம், அமெரிக்காவில் அப்போதைய விலை சுமார் 3,200 டாலர். அதன் அலுமினியத் தம்பி 1,200 டாலர். பையில் போட்டால் சட்டையே ஒரு பக்கம் இழுக்கும் அந்த எடைக்காக ஆசைப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். காரணம் மட்டும் காதில் இல்லை.

இவ்வளவு ஏற்பாடும் எவ்வளவு மின்சாரத்துக்கு என்று பார்த்தால் சிரிப்பு வரும். நல்ல இயர்போன் ஒன்று 80 டெசிபல் ஒலி தர ஒரு மைக்ரோவாட் போதும். 9 வாட் எல்இடி பல்பு எரியும் மின்சாரத்தில் 45 லட்சம் பேரின் இரு காதுக்கும் பாட்டு கொடுக்கலாம். பிளேயரின் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்வது பாட்டுக்காக அல்ல. திரைக்கும் செயலிக்கும் பெருக்கி விழித்திருப்பதற்கும்.

அதற்கப்புறம் காது. காதுக்குழாய் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒரு பக்கம் மூடியது. எனவே 3,000 அதிர்வுக்கு அக்கம்பக்கத்தில் அது தானாகவே ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். பிறந்ததிலிருந்து அந்தத் தூக்கலோடுதான் உலகத்தைக் கேட்கிறோம். இயர்போனைச் செருகியதும் குழாய் அடைபட்டு அந்தத் தூக்கல் இடம் மாறிவிடுகிறது. அதனால் வடிவமைப்பாளர் அதே மேட்டை இயர்போனுக்குள் செயற்கையாக வைக்க வேண்டியிருக்கிறது. அந்த மேட்டின் உயரம் இயர்போனுக்கு இயர்போன் பல டெசிபல் மாறும். ரப்பர் நுனி சரியாகப் பொருந்தாமல் கசிந்தால் தாழ்ந்த ஒலி மொத்தமாகக் காணாமல் போகும். பிளேயர் மாற்றுவதற்கு முன் நுனியை மாற்றிப் பாருங்கள்.

இரண்டு பிளேயரை ஒப்பிட விரும்பினால் ஒரு கண்ணி இருக்கிறது. சற்றே உரக்க ஒலிப்பது எதுவோ, அதுதான் நல்லது என்று மூளை சொல்லிவிடும். ஒரு டெசிபல் கூடினாலே போதும். உரக்க ஒலிக்கிறது என்று தோன்றாது, தெளிவாக இருக்கிறது என்றே தோன்றும். எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் மல்டிமீட்டர் இங்கே உதவும். இரண்டிலும் 100 அதிர்வு ஒலிக்கோப்பை ஓடவிட்டு, இயர்போன் செருகிய நிலையில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். ஒன்று 200 மில்லிவோல்ட், மற்றது 224 என்றால் அங்கேயே ஒரு டெசிபல் வித்தியாசம். 202-க்குள் கொண்டுவந்துவிட்டு, எது எதுவென்று தெரியாமல் இன்னொருவரை மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். கடையில் தெரிந்த வித்தியாசங்களில் பாதி வீட்டில் தெரியாது.

பயன்படுத்தும் சுகம் அப்படியில்லை; அதில் வித்தியாசம் முதல் நாளே தெரியும். கச்சேரிப் பதிவில் ஆலாபனை ஒரு கோப்பு, கீர்த்தனை அடுத்த கோப்பு. எம்பி3 முறை ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட கட்டுகளாகவே கட்டும். முன்னும் பின்னும் மிச்ச இடத்தை மௌனத்தால் நிரப்பும். அதைக் கழித்துவிட்டு ஒட்டத் தெரியாத பிளேயரில், ராகம் முடியும் இடத்தில் தம்புரா ஒரு கணம் அறுந்து மறுபடி ஒலிக்கும். பாடகர் கவனமாகக் கட்டிய மயக்கம் அந்த இடைவெளியில் போய்விடும்.

அடுத்தது திரை. ‘கொ’ என்ற எழுத்தை நினைவகத்தில் ககரமும் அதற்குப் பின்னால் ஓர் ஒகரக் குறியுமாக வைத்திருப்பார்கள். திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிளந்து கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும். இதற்கென்றே எழுத்தமைப்பு நிரல் ஒன்று வேண்டும். ஆண்ட்ராய்டில் அது உண்டு. சொந்த மென்பொருளில் ஓடும் பல சிறு பிளேயர்களில் இல்லை. அங்கே பாட்டின் பெயர் சிதறியோ வெறும் சதுரங்களாகவோ தெரியும். பெயர் ஒழுங்காகத் தெரிந்தாலும் எஸ்.பி.பி., எஸ்பிபி, எஸ்.பி. பாலசுப்ரமணியம் என்று ஒரே மனிதர் மூன்று பாடகராகப் பிரிந்து கிடப்பார். அதைச் சேர்த்துவைக்க எந்த எண்–அலை மாற்றிக்கும் தெரியாது.

2017-இல் சரிகமா நிறுவனம் கொண்டுவந்த கார்வான் இந்த இடத்தில்தான் வென்றது. பழைய வானொலி போன்ற பெட்டி, உள்ளே 5,000 பாட்டு, தேடுவதற்குத் திருகும் குமிழ். தமிழ்ப் பாடல்களோடும் வந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தால் ஹை-ஃபை கிடையாது. கோப்பு, பெயர், பிட் எதையும் அறியாத ஒருவர் கண்ணாடி போடாமலே அதில் டி.எம்.எஸ். கேட்டுவிடலாம்.

தறியில் இருப்பவருக்கு வயர் தொங்கும் இயர்போன் ஆகாது. பாவில் மாட்டினால் இழை போச்சு. புளூடூத்தான் வழி. புளூடூத்தில் பாட்டு மறுபடி சுருக்கப்படுகிறது. வழக்கமான எஸ்பிசி முறையில் விநாடிக்குச் சுமார் 328 கிலோபிட், சோனியின் எல்டாக் முறையில் உச்சமாக 990. அதைவிட முக்கியமானது, காற்றில் போவது எண்தான், அலை அல்ல. எண்ணை அலையாக்கும் மாற்றியும் பெருக்கியும் இயர்போனுக்குள், காதின் வாசலிலேயே இருக்கின்றன. எந்தப் பிளேயரிலிருந்து வந்தாலும் அவைதான் வேலை செய்யும். 455 கிராம் செம்பும் இரட்டைப் படிகமும் அப்போது பையில் சும்மா கிடக்கும். புளூடூத்தில் மட்டும் கேட்பவர் கடையில் ஒப்பிட வேண்டியவை பட்டன், பேட்டரி, எந்தச் சுருக்கமுறை இருக்கிறது என்பது, பிறகு ‘கொ’ ஒழுங்காகத் தெரிகிறதா என்பது.