சிப்பிக் காளானில் நோய்: வருமுன் காப்பதே வழி



வீட்டிலிருந்தே வருமானம் தேடி நம் பகுதிப் பெண்கள் சிலர் சிப்பிக் காளான் வளர்க்கத் தொடங்கியுள்ளனர். வித்துப் போட்ட 35 முதல் 45 நாட்களில் ஒரு படுக்கையின் அறுவடை முடிந்துவிடும் என்பதால் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். ஆனால் நோய் புகுந்தால் முதலும் போய்விடும்.

காளானே ஒரு பூசண வகை. அதைக் கெடுப்பதும் பெரும்பாலும் வேறொரு பூசணம்தான். அதைக் கொல்லும் மருந்து காளானையும் பாதிக்கலாம். ஆகவே நோய் வந்தபின் மருந்து தேடுவதில் பயன் குறைவு. படுக்கை போடும் நாளிலேயே கவனம் வேண்டும்.

வைக்கோல்: பொன்னேரி, மீஞ்சூர் பக்கமிருந்து வாங்கும்போது மழையில் நனையாத, மஞ்சள் நிறம் மாறாத புது வைக்கோலாகப் பாருங்கள். சிறு துண்டுகளாக நறுக்கி 4 அல்லது 5 மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிறகு ஒரு மணி நேரம் வேகவையுங்கள். மருந்தில் ஊறவைக்கும் முறையும் உண்டு. அதில் சேரும் ஃபார்மலின் நெடி கண்ணையும் மூச்சையும் தாக்கும் என்பதால் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். வெந்த வைக்கோலைச் சுத்தமான விரிப்பில் உலர்த்துங்கள். கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, உள்ளங்கையில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். ஈரம் மிகுந்த படுக்கையில்தான் நோய் எளிதாகப் பிடிக்கிறது.

வித்து: முழுக்க வெண்மையாக இருக்க வேண்டும். பச்சை, கறுப்பு தெரிந்தாலோ புளித்த வாடை வந்தாலோ வாங்காதீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, மின்விசிறியை நிறுத்திவிட்டு வித்துப் போடுங்கள்.

அடையாளங்கள்: வெள்ளை இழை பரவும் பையில் பச்சைத் திட்டு தெரிந்தால் அது டிரைக்கோடெர்மா என்னும் பச்சைப் பூசணம். குடை போல நீண்டு, சீக்கிரமே மையாய்க் கரையும் மெல்லிய காளான் முளைத்தால் வைக்கோல் சரியாக வேகவில்லை அல்லது ஈரம் மிகுதி என்று பொருள். காளானின் மேல் மஞ்சள், பழுப்புப் புள்ளிகளும் பிசுபிசுப்பும் வந்தால் அது பாக்டீரியா நோய். தண்ணீர் தேங்குவதாலும் காற்றோட்டம் இல்லாததாலும் வருகிறது. தெளிக்கும் தண்ணீர் 10 லிட்டருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, தெளிந்த நீரை மட்டும் தெளித்தால் இது கட்டுப்படும்.

பச்சை பிடித்த பையை அறைக்குள் பிரிக்காதீர்கள். பிரித்தால் அதன் வித்துத்தூள் பறந்து மற்ற பைகளிலும் படியும். வாயைக் கட்டியபடியே இன்னொரு பையில் போட்டு அன்றே வெளியேற்றுங்கள். ஒரு பையை இழப்பது அறை முழுவதையும் இழப்பதைவிட மேல். காளான் ஈக்களும் நோயைச் சுமந்து வரும் என்பதால் சன்னல், கதவுகளுக்கு நெருக்கமான நைலான் வலை கட்டுங்கள்.

நம் ஊரின் நிலை: சிப்பிக் காளானுக்கு 25 டிகிரியை ஒட்டிய வெப்பம் நல்லது. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் சிமெண்ட் ஷீட் கூரையின் கீழ் சித்திரை, வைகாசியில் அது கிடைக்காது. அந்த மாதங்களில் வெப்பத்தைத் தாங்கும் பால் காளானுக்கு மாறலாம். உப்புக் கலந்த போர் தண்ணீரைத் தெளிக்காமல் மெட்ரோ தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

உடல்நலம்: முற்றிய சிப்பிக் காளானிலிருந்து பறக்கும் தூள் சிலருக்கு இருமலும் மூச்சிரைப்பும் தரும். எண்ணூர்ப் பக்கம் ஏற்கெனவே தூசியில் தவிக்கும் வீடுகளில் இது கூடுதல் சுமை. படுக்கும் அறையில் காளான் வளர்க்கவே வேண்டாம். ஓரங்கள் மேல்நோக்கி விரியும் முன் பறித்துவிடுங்கள். அறைக்குள் போகும்போது முகக்கவசம் அணியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வேறு தொழிலைத் தேர்வதே நல்லது.

புள்ளி விழுந்த காளானைப் பொட்டலத்தின் அடியில் வைத்து விற்பது ஹலாலான வருமானம் ஆகாது. நாளைய வாடிக்கையும் அதோடு போய்விடும்.

கிண்டியிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத் தகவல் மற்றும் பயிற்சி மையத்திலோ திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ பயிற்சி பற்றிக் கேட்டறியலாம். முதலில் 10 பைகளோடு தொடங்குங்கள். அவை நோயின்றி வந்தபின் பெருக்குங்கள். கடன் வாங்குவதாக இருந்தால் அதுவும் அதற்குப் பிறகே. அல்லாஹ் உங்கள் உழைப்பில் பரக்கத் செய்வானாக.

— செயலாளர்