கண்ணாடித் தொட்டியில் ஒரு களை

2023ஆம் ஆண்டில் ரொறன்ரோவிலுள்ள மகன் வீட்டிற் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அவ்வீட்டு முன்கூடத்தில் ஒரு சிறு கடல் இருந்தது. நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி; உப்பு நீர்; உள்ளே உயிருள்ள முருகைகள். பேரன் அதனைக் கண்ணுக்குக் கண்ணாகப் பேணி வந்தான்.

ஒருநாட் காலை, அவன் பெரிதும் விரும்பிய பச்சை முருகையின் அடியில் மண்ணிறக் கடற்சாமந்தி ஒன்று விரிந்திருக்கக் கண்டேன். விரல்நகத்தளவுதான், அழகாகவே இருந்தது. ஆயினும், அதன் உணர்கொம்புகள் தீண்டிய இடத்தில் முருகையின் தசை வெளிறிச் சுருங்கியிருந்தது. களையென்றாற் பிடுங்கவேண்டியதுதானே? கமக்காரன் மகனாய்ப் பிறந்த கை சும்மா இருக்குமா? கத்தி நுனியாற் சுரண்டி நசுக்கிவிட்டேன்.

மூன்று வாரத்தில் ஒன்று பதினொன்றாயிற்று.

"என்ன வேலை செய்து போட்டியள், அப்பப்பா!" என்றான் பேரன். அவன் குரலிற் கோபமில்லை. அதுதான் என்னை வருத்தியது.

எய்ப்டேசியா என்பது அப்பிராணியின் பெயர். கல்லோடு கல்லாய் ஒட்டிவந்து தொட்டியிற் குடியேறும். அடிப்பாதத்தின் ஒரு துணுக்கு எஞ்சினாலும் அதிலிருந்து முழுவுடல் வளர்ந்துவிடும். பட்டினி போட்டுக் கொல்வதும் அரிது. அதன் உடலில் வாழும் நுண்ணிய அல்காக்கள் ஒளியைக்கொண்டு உணவாக்கிக் கொடுக்கின்றன. முருகைகளிலும் அவ்வின அல்காக்களே வாழ்வதால், முருகை வெளிறும் காரணத்தை ஆராய்வோர் ஆய்வுகூடங்களில் இதனை விரும்பி வளர்க்கிறார்கள். 2015இல் இதன் மரபணுத்தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டது. யாரோ போற்றி வளர்ப்பதைத்தான் நான் நசுக்கியிருந்தேன்!

பேரன் ஒரு வெண்பொடியை நீரிற் குழைத்தான். பார்த்தால், நம் வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பேதான். கலப்பற்றது என்பதே வேறுபாடு. நீரோட்டப் பம்பியை நிறுத்தி, ஊசிக்குழாயால் அதன் வாய்மீது மெல்லப் படியவிட வேண்டும். சற்றே தாமதித்தாலும் அது பொந்துக்குள் ஒடுங்கிவிடும். நீரின் காரத்தன்மை ஏறிவிடாதபடி நாளொன்றுக்கு இரண்டு மூன்றைத்தான் தொடலாம். கைக்கெட்டிய ஆறு அவ்வாறு மாண்டன.

கல்லிடுக்கில் இருந்தவற்றுக்கோ பேர்கியா என்னும் கடல் நத்தையை வரவழைத்தான். ஓடில்லாத, ஓரங்குல உயிர். இரவில் ஊர்ந்து திரியும். எய்ப்டேசியாவைத் தவிர வேறெதையும் உண்ணாது. பெப்பர்மின்ற் றாலும் உண்ணுமாம். ஆனால் அதனை ஒத்த வேறொரு றால் முருகையையே கொறித்துவிடும் என்று அவன் அஞ்சினான்.

இரண்டு மாதத்திற் களை ஒழிந்தது. அதனோடு நத்தைகளின் உணவும் ஒழிந்தது. அவை பட்டினியால் மடியுமுன், பேரன் அவற்றை ஒரு கிண்ணத்தில் ஏந்தி, எய்ப்டேசியா மலிந்த தன் நண்பன் வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுசென்றான். நானும் உடன் போனேன்.

பச்சை முருகை பிழைத்துக்கொண்டது. நான் ஊர் திரும்பும்போது, அதன் ஒரு பக்கம் இன்னும் வெறுங்கல்லாகவே இருந்தது.