மூப்பின்மேல் சுமத்திய பழி

வானூர் வட்டத்திலே, ஆரோவில்லை ஒட்டிய செம்மண் பூமியில் இருக்கிறது இடையஞ்சாவடி. கிழக்கே இறங்கிக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கு நோக்கிச் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் வந்துவிடும். சென்ற மாதம் ஒரு நிலத் தகராறு சம்பந்தமாக நாம் அவ்வூருக்குப் போயிருந்தபோது, மகள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த ஒரு முதியவரோடு பேச நேர்ந்தது. வயது எழுபதுக்கு மேலிருக்கும். வாலிபம் முதல் மரக்காணத்தில் உப்பு வாரிய கை. பஸ் நிற்குமிடத்திலிருந்து வீடு வந்து சேர மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டியிருக்கிறதாம். ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது கண் இருண்டு கீழே விழுந்தாராம்.

"வைத்தியரிடம் காட்டவில்லையா, பெரியவரே?" என்று கேட்டோம்.

"காட்டினேங்க ஐயா. வயசாயிடுச்சு, இனிமே இப்படித்தான் இருக்கும்னு சொல்லி சத்து மாத்திரை குடுத்தாங்க" என்றார்.

மார்பில் குழாய் வைத்துப் பார்த்தார்களா என்றதற்கு இல்லையென்று தலையசைத்தார்.

சாட்சியை விசாரியாமலே தீர்ப்புச் சொன்ன கீழ்க்கோர்ட்டை மேல்கோர்ட்டு கண்டிக்கும். மூப்பின்மேல் பழியைச் சுமத்திவிட்டு ஒரு மனிதனின் மூச்சுத் திணறலை முடிந்த வழக்காக்கிவிடும் இந்தத் தீர்ப்புக்கு அப்பீல் எங்கே செய்வது?

இருதயத்தில் நான்கு கதவுகள் இருக்கின்றன. வால்வு என்று டாக்டர்கள் சொல்வது இவற்றைத்தான். நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை இவை திறந்து மூடுகின்றன. இரத்தம் முன்னே செல்லலாம், பின்னே திரும்பலாகாது என்பதே இவற்றின் காவல். இருதயத்திலிருந்து உடல் முழுமைக்கும் இரத்தம் புறப்படும் பெருவாயிலில் உள்ள கதவிலே, வயது ஏற ஏற, சிலருக்குச் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகுகிறது. திறக்க வேண்டிய கதவு பாதியும் திறப்பதில்லை. இருதயம் முன்னிலும் பலமாக உதைத்துத் தள்ளுகிறது, தசை தடிக்கிறது, பின்னர் தளர்கிறது. இதை நாம் பெரியவரிடம் விளக்கியபோது அவர் சட்டென்று, "மடைப் பலகையில உப்பு ஏறிப் போனா தண்ணி பாயாது, அதுதானே?" என்று கேட்டார். நமது விளக்கத்தைவிட அது நன்றாயிருந்தது.

இந்நோயின் சூது என்னவெனில், அது மெள்ள வருகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதென்று மாடி ஏறுவதை விட்டுவிடுகிறார்கள். கடைத்தெரு தூரமென்று பேரனை அனுப்புகிறார்கள். பிறகு, "இப்போது ஒன்றும் செய்யவில்லை, சௌக்கியமாயிருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். குறைந்தது நோயல்ல, நடை. 2006-ஆம் வருஷம் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்களில் எட்டுப் பேருக்கு ஒருவருக்கு மேல் கணிசமான வால்வுக் கோளாறு இருந்ததாகக் கண்டார்கள். பெருவாயிற் கதவு மிகவும் குறுகி, மூச்சுத் திணறலும், மார்பில் நெருக்கமும், உழைக்கும்போது மயக்கமும் தோன்றிய பிறகு சிகிச்சையின்றி விட்டால், சுமார் பாதிப் பேர் இரண்டு வருஷங்களுக்குள் இறந்து போகிறார்கள். இறுகிய கதவைத் திறக்க மாத்திரை கிடையாது. கதவை மாற்ற வேண்டும்.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு வழியும் உண்டு. சிறு வயதில் தொண்டைப் புண்ணும், அதைத் தொடர்ந்து கீல்களில் வீக்கமும் ஜுரமும் வந்து, ஏழை வீட்டில் கவனிப்பாரின்றிப் போய், அந்த வாத ஜுரம் வால்வைத் தழும்பாக்கி வைத்துவிடுகிறது. உரிய காலத்தில் போட்ட பெனிசிலின் ஊசி தடுத்திருக்கக்கூடிய நோய் அது. பத்து வயதின் தழும்பு ஐம்பது, அறுபதில் மூச்சை நெரிக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய யந்திரம் வேண்டுமோ? பிரெஞ்சு வைத்தியர் லென்னெக் 1816-ல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அதிலிருந்து பிறந்த குழாய் இன்று ஒவ்வொரு டாக்டரின் கழுத்திலும் தொங்குகிறது. கதவு குறுகினாலும் ஒழுகினாலும் பெரும்பாலும் ஓர் இரைச்சல் கேட்கும். கேட்டால், எக்கோ படம் எடுத்து உறுதி செய்துகொள்ளலாம். 2021-ல் நமது மாகாணத்தில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். அது மிக நல்ல காரியம். ஆனால் வால்வு நோய் அந்த இரண்டு கருவிகளிலும் அகப்படாது.

சிகிச்சை அந்நிய நாட்டுச் சரக்கென்று நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தானும் அவரது சகாக்களும் சுதேசி வால்வொன்றைச் செய்யப் புகுந்தார்கள். முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. நீலக்கல்லில் தட்டு செய்தும் பார்த்தார்கள், அதுவும் உதவவில்லை. நான்காவது மாதிரியில், விசேஷ பிளாஸ்டிக்கால் ஆன தட்டு நிலைத்தது. 1990 டிசம்பர் 6-ந் தேதி முதன்முதலாக ஒரு மனிதருக்கு அது பொருத்தப்பட்டது. அதன் பின் லட்சத்துக்கு மேற்பட்ட இருதயங்களில் அது துடித்திருக்கிறது, இறக்குமதி வால்வைவிட மிகக் குறைந்த விலையில். அந்த வால்வை வைத்துக்கொண்டவர்கள் ஆயுள் முழுதும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட வேண்டும். ஆகையால் வயோதிகர்களுக்குப் பெரும்பாலும் மாடு, பன்றி இவற்றின் திசுவாலான வால்வைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நெஞ்சைத் திறக்காமலே, தொடை நாளத்தின் வழியாகப் புது வால்வைச் செலுத்தும் முறையை 2002-ல் பிரான்ஸில் டாக்டர் கிரிபியே முதலில் செய்து காட்டினார். அவ்வித வால்வையும் இன்று குஜராத்தில் வாபியிலே தயாரிக்கிறார்கள். அதன் செலவு இன்னும் பல லட்சம். நெஞ்சைத் திறந்து செய்யும் சிகிச்சைக்கு ஏழைகளுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளும் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. தொடை வழிச் சிகிச்சைக்கு ஏழைக் கிழவன் யாரிடம் கை நீட்டுவான்? உப்புக்காக 1930-ல் சிறை புகுந்த தேசம், உப்பு வாரியவனின் நெஞ்சுக்கு விலை பார்ப்பது அழகல்ல. சட்டசபையில் கேட்க வேண்டிய கேள்வி இது, கேட்பவரைக் காணோம்.

கிராமங்களில் பிரசாரத்துக்குச் செல்லும் நம் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வாக்குக் கேட்கும் வீட்டிலே, "தாத்தா, போன வருஷம் நடந்த தூரம் இந்த வருஷம் நடக்க முடிகிறதா?" என்றும் கேளுங்கள். முடியவில்லையென்றால், மார்பில் குழாய் வைத்துப் பார்க்கும்படி டாக்டரிடம் வற்புறுத்தச் சொல்லுங்கள். வற்புறுத்துவது மரியாதைக் குறைவன்று.

இடையஞ்சாவடியிலிருந்து கோரிமேட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரி பத்து மைலுக்குள்தான். பெரியவர் முதலில், "இந்த வயசுல நெஞ்சைக் கிழிக்கணுமா?" என்று சிரித்தார். கிழிப்பதா வேண்டாமா என்பது பார்த்த பிறகு பேச வேண்டிய விஷயம், பார்ப்பதற்கு ஒன்றும் கிழிய வேண்டாம் என்றோம். உள்ளேயிருந்து மகள் வந்து, வருகிற திங்கட்கிழமை காலை பஸ்ஸில் தகப்பனாரை அழைத்துப் போவதாகச் சொன்னாள். அன்றைக்கு அவளது ஒரு நாள் கூலி போகும் என்பதையும் சொன்னாள்.