பொறுமையின் வழியே சட்டம்: பிரேசில் நாட்டின் பவுலோ பாயிம்

தொழிற்சங்கம் என்றதும் வேலைநிறுத்தமும் முழக்கமுமே பலர் நினைவில் எழும். கோரிக்கையை எழுத்தில் வடித்தல், எதிர்த்தரப்போடு அமர்ந்து பேசுதல், கிடைத்ததைக் காத்து எஞ்சியதை மீண்டும் கேட்டல் ஆகியனவும் அச்சங்கம் கற்பிக்கும் பாடங்களே. இப்பாடங்களை நாடாளுமன்றத்துக்குள் எடுத்துச் சென்ற ஒருவரின் பொதுவாழ்வை ஈண்டுக் காண்போம்.

பவுலோ பாயிம் 1950ஆம் ஆண்டு பிரேசிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டே டூ சுல்லில் பிறந்தவர், கறுப்பினத்தவர், உலோகத் தொழிலாளியாக உழைத்தவர். 1964 முதல் 1985 வரை அந்நாட்டில் இராணுவ ஆட்சி நிலவிற்று. அவ்வாட்சியின் இறுதிக் காலத்தில், கனோவாஸ் நகர உலோகத் தொழிலாளர் சங்கத்திற்கு அவர் தலைமை தாங்கினார்.

1986ஆம் ஆண்டுத் தேர்தலில் தொழிலாளர் கட்சியின் சார்பில் வென்று, புதிய அரசியல் சட்டத்தை வகுத்த அவையில் இடம்பெற்றார். 1988 அக்டோபர் 5ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், வார வேலைநேரத்தை 48 மணியிலிருந்து 44 மணியாகக் குறைத்தது. 120 நாள் மகப்பேறு விடுப்பையும் வேலைநிறுத்த உரிமையையும் உறுதி செய்தது. இது பலர் கூடிப் பெற்ற வெற்றி. குறைந்தபட்ச ஊதியத்தை 100 டாலருக்கு நிகராக உயர்த்துக என்பது பின்னர் அவர் ஓயாது எழுப்பிய குரல். 2002ஆம் ஆண்டு மேலவையாகிய செனட்டுக்குத் தேர்வு பெற்றவர், 2010, 2018 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார்.

அவர் பெயரை நிலைநிறுத்துவன மூன்று சட்டங்கள். முதலாவது முதியோர் சட்டம். 1997இல் அவர் முன்மொழிந்தது 2003இல் நிறைவேறிற்று. 60 வயது கடந்தோரைப் பேணுதல் குடும்பம், சமூகம், அரசு ஆகிய மூன்றன் கடமை என்று அது விதிக்கிறது; முதியவரை மருத்துவமனையில் கைவிட்டுச் செல்வோர்க்குச் சிறைத்தண்டனையும் உண்டு. இரண்டாவது இனச் சமத்துவச் சட்டம். 2000இல் தொடங்கிய முயற்சி 2010இல் கைகூடிற்று. மூன்றாவது மாற்றுத்திறனாளிகள் சட்டம். 2003இல் முன்வைக்கப்பட்டது 2015இல்தான் சட்டமாயிற்று. மாற்றுத்திறன் மாணவரிடம் தனியார் பள்ளிகள் கூடுதல் கட்டணம் பெறலாகாது என்னும் அதன் விதியை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டபோது, 2016இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதியை நிலைநாட்டியது.

ஆறு ஆண்டு, பத்து ஆண்டு, பன்னிரண்டு ஆண்டு என நீண்ட இக்காத்திருப்புக்கு விலையும் இருந்தது. இனச் சமத்துவச் சட்டத்தின் மூல வரைவில் இருந்த கல்வி, வேலை இடஒதுக்கீடு இறுதி வடிவில் நீக்கப்பட்டது. உயிர்நாடி போயிற்று எனக் கறுப்பின இயக்கத்தார் பலர் மனம் நொந்தனர். அவர்தம் வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆயினும் முழுமை வாய்க்கும்வரை எதுவும் வேண்டா என்றிருந்தால், அதுவும் இராது. 2012ஆம் ஆண்டு வந்த வேறொரு சட்டம், நடுவண் அரசுப் பல்கலைக்கழகங்களில் பாதி இடங்களை அரசுப் பள்ளி மாணவர்க்கு ஒதுக்கி, அவற்றுள் கறுப்பினத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் பங்கு வகுத்தது.

பெற்றவை என்றும் நிலைக்கும் எனவும் சொல்வதற்கில்லை. 2017இல் தொழிலாளர் சட்டங்களைத் தளர்த்தும் மசோதாவை அவர் கடுமையாக எதிர்த்தார். 50க்கு 26 என்னும் வாக்குக் கணக்கில் அது செனட்டில் நிறைவேறிற்று.

உழைப்பவரின் கூலியைக் காலத்தே தருதலையும் மூத்தோரைக் கனம்பண்ணுதலையும் மார்க்கக் கடமையாகக் கற்றவர் நாம். அவ்வறங்கள் உள்ளத்தளவில் நின்றுவிட்டால் நலிந்தவர்க்குப் பயன் சிறிதே. அவற்றைச் சட்டமாக்கவும், ஆக்கியதைக் காக்கவும், பல்லாண்டு அயராது உழைப்போர் எந்நாட்டிற்கும் தேவை. நம் மாணவருள் பொதுவாழ்வை நாடுவோர், மேடைப்பேச்சுக்கு முன் இப்பொறுமையைப் பயில்வார்களாக.