பால்கனியில ஒரு கொல்லை!

கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் நெல்லு. ஆனா ரூம்ல ஒரு ரசம் வைக்கணும்னா ஒட்டன்சத்திரத்துல இருந்தோ, கிருஷ்ணகிரியில இருந்தோ, ஆந்திராவுல இருந்தோ லாரி வந்தாகணும். ஒரத்தநாட்டோட ஜாதகம் இதுதான் பாஸ்!

ஒரத்தநாடு தெரியும்ல? தஞ்சாவூர்ல பட்டுக்கோட்டை பஸ் ஏறினா வழியில வர்ற ஊரு. 2012-ல இங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துச்சு. பக்கத்துல ஈச்சங்கோட்டையில 2014-ல வேளாண்மைக் கல்லூரி வந்துச்சு. அரசு பெண்கள் கலைக் கல்லூரியும் இருக்கு. ஆக, மாடியில ரூம் எடுத்து, நாலு பேரு சேர்ந்து ஒரே குக்கர்ல காலத்தை ஓட்டுற கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்த மாடி ரூமுக்கு வெளியே, துணி காயப் போடுற நாலடி பால்கனி இருக்கு பாருங்க... அங்கேதான் மேட்டரே இருக்கு.

ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். இந்தப் பக்கத்துக்குக் காவிரித் தண்ணி தாராளமா வர ஆரம்பிச்சது 1934-ல மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் வந்த பிறகுதான். தஞ்சாவூர்க்காரங்க இன்னிக்கும் அந்தக் கால்வாயை 'புது ஆறு'ன்னுதான் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி இங்கே ஏரிப் பாசனமும் வானம் பார்த்த கொல்லையும்தான். புது ஆறு வந்ததும் பல கொல்லைகள் வயலாச்சு. குறுவை, சம்பா, தாளடின்னு எங்கே பார்த்தாலும் நெல்லு.

நெல்லு தண்ணியில நிக்கும். தக்காளி நிக்காது. அதோட வேருக்குத் தண்ணி வேணும், கூடவே காத்தும் வேணும். ரெண்டு நாள் சேர்ந்தாப்புல வேர் தண்ணிக்குள்ள முங்கிக் கிடந்தா, எக்ஸாம் ஹால்ல கொஸ்டின் பேப்பரைப் பார்த்த நம்மள மாதிரியே தலையைத் தொங்கப் போட்டுடும். அப்புறம் என்ன செஞ்சாலும் பெரும்பாலும் எழுந்திரிக்காது. ஐப்பசி, கார்த்திகையில டெல்டாவுல அடிக்கிற மழைக்கு, வயலை ஒட்டின தரையில தக்காளி போடுறது சூதாட்டம்தான்.

அதனாலதான் பால்கனி. ஒரு பக்கெட்டுக்கு அடியில நாலு ஓட்டை போட்டு, மண்ணை நிரப்பி, மேலே சன்ஷேடு இருக்கிற இடத்துல வெச்சுட்டா, அது ஒரு குட்டி மேட்டு நிலம். ஊரே தண்ணியில கிடக்கும்போது அந்த ஒரு அடி மண்ணு மட்டும் நீங்க ஊத்துற தண்ணியை மட்டும்தான் குடிக்கும். காணாமப் போன கொல்லையை மாடிக்குத் தூக்கிட்டுப் போற கதைதான் இது.

காசு மிச்சமாகுமா?

ஆகாது. முதல்லயே சொல்லிடுறேன்.

2023 ஜூலை ஞாபகம் இருக்கா? மாசக் கடைசியில சென்னையில சில்லறை விலை கிலோ 200 ரூபாயைத் தொட்டுச்சு. ரேஷன் கடையில 60 ரூபாய்க்குத் தக்காளி வித்தாங்க. அப்பத்தான் நிறைய பேருக்கு 'நாமளே வளர்த்தா என்ன?'ன்னு திடீர் ஞானோதயம். ஆனா விதை போட்டதுல இருந்து முதல் பழம் பறிக்க மூணு மாசம் ஆகும். விலை ஏறினதைப் பார்த்து விதைக்கிறவன் பழம் பறிக்கும்போது விலை இறங்கியிருக்கும். அந்த வருஷமும் அதேதான் ஆச்சு. செப்டம்பர்லயே விலை தலைகுப்புற விழுந்து, மகாராஷ்டிராவுலயும் ஆந்திராவுலயும் விவசாயிங்க பறிகூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாம ரோட்டோரம் கொட்டிட்டுப் போனாங்க.

இன்னொரு சிக்கல். தக்காளி விலை ஏறுற மாசங்கள்ல உங்க செடியும் காய்க்காது! வெயில் உச்சத்துல இருக்கும்போது, அதுவும் ராத்திரியும் புழுங்கும்போது, மகரந்தம் கெட்டுப்போய் பூ பொத்து பொத்துன்னு உதிர்ந்துடும். கோலார்ல இருக்கிற செடிக்கும் இதே பிரச்னைதான், உங்க பக்கெட்ல இருக்கிற செடிக்கும் இதே பிரச்னைதான். 200 ரூபாய்க்கும் ரோட்டோரக் குப்பைக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு பேப்பர்ல படிச்சா ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுடுவோம். நம்ம பால்கனியில பதினஞ்சு பூ ஒரே நாள்ல கொட்டிக் கிடக்கும்போது பார்த்தா, வேற மாதிரி இருக்கும்.

சரி, அப்போ எதுக்கு வளர்க்கணும்? கொடியிலேயே பழுத்த தக்காளியை ஒரு தடவை உப்புத் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்க. கடைக்கு வர்றது லாரியில நசுங்காம இருக்கணுமேன்னு செங்காயா பறிச்சது. அதுக்கு மேல விளக்கம் கிடையாது.

டைமிங் முக்கியம் மாப்ள!

டெல்டாவுக்குன்னு ஒரு கணக்கு இருக்கு. பூக்குற நேரம் மார்கழிக் குளிர்ல விழணும். அங்கே இருந்து பின்னாடி எண்ணிக்கிட்டே வாங்க. நட்டு ஏறக்குறைய ஒரு மாசத்துல பூ. அதுக்கு முன்னாடி நாத்துக்கு 25 நாள். ஆக, புரட்டாசிக் கடைசியில விதை போட்டா, ஐப்பசிக் கடைசியில நாத்து நடலாம். மார்கழியில பூ. தை பாதியில பழம் பழுக்க ஆரம்பிச்சு, மாசி வரைக்கும் பறிக்கலாம். செமஸ்டர் லீவுக்கும் பொங்கல் லீவுக்கும் நடுவுல செடியை யார் பார்த்துக்கறதுன்னு இப்பவே ரூம்மேட்டோட ஒப்பந்தம் போட்டுடுங்க. ஊருக்குப் போகாத ஆளா பார்த்து நட்பு வளர்க்கறது நல்லது.

அடுத்தது, உங்க பால்கனி எந்தப் பக்கம் பார்த்திருக்கு? இந்த மாசங்கள்ல சூரியன் தெற்கே சாஞ்சு ஓடும். தெற்கு பார்த்த பால்கனின்னா லாட்டரிதான், நாள் பூரா வெயில். கிழக்கும் மேற்கும் பரவாயில்லை. வடக்கு பார்த்த பால்கனியில தக்காளி வேணாம். ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழலைன்னா, செடி மட்டும் ஒல்லிப்பிச்சானா வளர்ந்துக்கிட்டே போகும், காய் வராது. அங்கே புதினா போடுங்க.

பக்கெட்டும் மண்ணும்

அழகான பூந்தொட்டி வாங்கி காசைக் கரைக்காதீங்க. பெயின்ட் அடிக்கிற அண்ணன்கிட்ட கேட்டா 20 லிட்டர் காலி பக்கெட் கிடைக்கும். நல்லா கழுவிட்டு, அடியில ஓட்டை போட்டா வேலை முடிஞ்சுது. இல்லைன்னா இருக்கவே இருக்கு, அரிசிச் சாக்கும் உரச் சாக்கும். வாயை வெளிப்பக்கமா மடிச்சு விட்டா நிமிர்ந்து நிக்கும். ஒரு பக்கெட்டுக்கு ஒரே ஒரு செடி. 'இடம் இருக்கே'ன்னு மூணு நட்டா மூணுமே நோஞ்சான்.

தமிழக அரசு 2021 டிசம்பர்ல ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. 'முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டம்'னு பேரு. ஆறு செடி வளர்ப்புப் பை, ஆறு தென்னை நார்க்கழிவுக் கட்டி, ஆறு வகை விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் வகை மருந்துன்னு 900 ரூபாய் மதிப்புள்ள செட்டை மானியம் போக 225 ரூபாய்க்குக் குடுத்தாங்க. இப்ப ஸ்டாக் இருக்கான்னு வட்டாரத் தோட்டக்கலை ஆபீஸ்ல ஒரு நடை போய்க் கேட்டுடுங்க. கேக்குறதுக்குக் காசா, பணமா?

மண்ணு விஷயத்துல ஒரு எச்சரிக்கை. வயல்ல இருந்து களிமண்ணை அள்ளிட்டு வந்து கொட்டிடாதீங்க. நனைஞ்சா களி, காய்ஞ்சா செங்கல். பக்கெட்டுக்குள்ள அது பாளம் பாளமா வெடிச்சு, ஊத்துற தண்ணி ஓரமா வழிஞ்சு ஓடிடும். வல்லம் பக்கத்துச் செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கின தொழு உரம் ஒரு பங்கு. இதுதான் கலவை. நார்க்கழிவுக்கு நாம எங்கேயும் அலைய வேணாம். 2018 நவம்பர் 16-ல கஜா புயல் அத்தனை தென்னையைச் சாய்ச்சுட்டுப் போன பிறகும், பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னைக்குக் குறைவில்லை. ஆனா வாங்கின உடனே அப்படியே போடக் கூடாது. அதுல உப்பு இருக்கும். ரெண்டு, மூணு தண்ணி ஊறவெச்சு, பிழிஞ்சு போடுங்க. எருவும் நல்லா மக்கி, மண்வாசனை வர்றதா இருக்கணும். பச்சைச் சாணி போட்டா சூடாகி வேரைப் பொசுக்கிடும்.

விதைக்கு 'பி.கே.எம். 1' நல்ல சாய்ஸ். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த ரகம். 'அன்னஞ்சி'ங்கிற உள்ளூர்த் தக்காளியில இருந்து உருவாக்கினது. காயோட தோள்பட்டை மட்டும் பச்சையா இருக்கும். 'ஐயோ பழுக்கலையே'ன்னு பதற வேணாம். நோய்க்குப் பயந்தா பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தோட 'அர்கா ரக்ஷக்' இருக்கு. இலைச்சுருள் வைரஸ், வாடல், இலைக்கருகல் மூணையும் தாங்கற ஹைப்ரிட் அது.

டீக்கடைப் பேப்பர் கப்ல ஓட்டை போட்டு, அரை சென்டிமீட்டர் ஆழத்துல ரெண்டு விதை. ஒரு வாரத்துல முளைக்கும். நடும்போது தண்டை கொஞ்சம் ஆழமா, முதல் இலை வரைக்கும் புதைச்சு நடுங்க. புதைஞ்ச தண்டுலயும் வேர் விடும். தக்காளிக்கு அந்த வித்தை உண்டு. கூடவே ஒரு குச்சியையும் அப்பவே ஊனிடுங்க. செடி சாஞ்ச பிறகு ஊனினா வேர் அறும்.

தண்ணி ஊத்தறதுக்கு ரூல் ஒண்ணுதான். ஆள்காட்டி விரலை முதல் கணு வரைக்கும் மண்ணுல விடுங்க. ஈரம் ஒட்டினா ஊத்தாதீங்க. காய்ஞ்சிருந்தா அடி ஓட்டையில கசியற அளவுக்கு ஊத்துங்க. கீழே ஒரு தட்டு வைக்க மறந்துடாதீங்க. கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் மாமா வேட்டியில சொட்டினா, அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்து அனுப்பிடுவாரு! மூணு நாள் காயப்போட்டு, குற்ற உணர்ச்சியில ஒரே நாள்ல குடம் குடமா ஊத்தற ஆளா நீங்க? அப்போ காய் வெடிக்கும். இல்லைன்னா காயோட அடி கறுத்து அழுகும். அது பூச்சி இல்லை. தண்ணி ஒழுங்கா வராததால சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததுதான் காரணம்.

பூவைச் சுண்டுங்க!

தக்காளிப் பூவுல ஆணும் பெண்ணும் ஒண்ணாவே இருக்கு. ஆனா மகரந்தம், மூடின குழாய்க்குள்ள இருக்கிற பவுடர் மாதிரி. குலுக்கினாத்தான் கொட்டும். சாதாரணத் தேனீயால இது முடியாது. 'உர்ர்ர்'னு அதிர்ற நீலவரித் தேனீ, கருவண்டு மாதிரி ஆளுங்கதான் ஸ்பெஷலிஸ்ட். மூணாவது மாடிக்கு அவங்க வருவாங்கன்னு சொல்ல முடியாது. வெயில் ஏறின பிறகு, பத்து மணி வாக்குல, பூங்கொத்தோட காம்பை விரலால மெல்லச் சுண்டி விடுங்க. போதும். ஃபிசிக்ஸ் லேப்ல இசைக்கவை இருக்கே, அதைத் தட்டிக் காம்புல வெச்சாலும் மகரந்தம் கொட்டும். ஹெச்.ஓ.டி.கிட்ட மாட்டிக்கிட்டா நாங்க பொறுப்பில்லை.

விண்வெளியில காத்தும் இல்லை, வண்டும் இல்லை. சர்வதேச விண்வெளி நிலையத்துல 2022-23-ல 'ரெட் ராபின்'ங்கிற குள்ளத் தக்காளியை வளர்த்துப் பார்த்தாங்க. உலகத்துலயே உசரமான பால்கனி! அப்போ ஃப்ராங்க் ரூபியோங்கிற விண்வெளி வீரர் தன் பங்குத் தக்காளியைத் தொலைச்சுட்டாரு. 'நீதானே தின்னே?'ன்னு மாசக்கணக்குல கிண்டல். அவரு பூமிக்குத் திரும்பின பிறகு, 2023 டிசம்பர்ல அது அங்கேயே காய்ஞ்சு வத்திப்போய்க் கிடைச்சுது. ஹாஸ்டல்ல திங்ஸ் தொலைஞ்சா சந்தேகப்படற புத்தி, விண்வெளிக்குப் போனாலும் மாறலை பாருங்க.

வில்லன் யாருன்னா, வெள்ளை ஈ. இலைக்கு அடியில உட்கார்ந்து சாறு உறிஞ்சும். போற போக்குல இலைச்சுருள் வைரஸையும் குடுத்துட்டுப் போகும். மஞ்சள் அட்டையில விளக்கெண்ணெய் தடவி செடிக்குப் பக்கத்துல தொங்க விட்டா, வந்து ஒட்டிக்கும். வாரம் ஒரு தடவை லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்புத் தண்ணி கலந்து சாயங்காலமா இலைக்கு அடியில படற மாதிரி தெளிங்க. அப்படியும் கொழுந்து சுருண்டு, செடி குறுகிப் போச்சா? பிடுங்கிடுங்க. அதுக்கு மருந்து கிடையாது. 'பாவம், ஒரு வாரம் பார்ப்போம்'னு விட்டா பக்கத்துப் பக்கெட்டுக்கும் போயிடும்.

எல்லாம் நல்லபடியா போனா, ஒரு செடியில ரெண்டு கிலோ வரும். அதுக்கே காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

வீட்டுல அப்பத்தா இருந்தா, தெவசத்தன்னிக்கு மட்டும் இந்தத் தக்காளியை அடுப்படிப் பக்கம் கொண்டு போகாதீங்க. நிறைய வீடுகள்ல அன்னிக்கு இது ஆகாது. கடல் தாண்டி வந்த காய் இல்லையா! போர்ச்சுக்கீசியர் காலத்துக்குப் பிறகு வந்த சரக்கு. நம்மூர்ல அதுக்கு முன்னாடியே மணத்தக்காளி இருந்ததால, இது 'சீமைத் தக்காளி'யா வந்து சேர்ந்துச்சு.

மாசியில பறிக்கும்போது, நல்லா பழுத்த ஒரு பழத்தை மட்டும் விட்டு வைங்க. பி.கே.எம். 1-ஆ இருந்தா அந்த விதை அதே மாதிரி முளைக்கும். ஹைப்ரிட்னா அப்படி வராது. சதையோட விதையை ஒரு டம்ளர்ல போட்டு ரெண்டு நாள் புளிக்க விட்டா, வழவழன்னு இருக்கிற தோல் கழண்டுடும். ரூம்ல வர்ற நாத்தத்துக்கு உங்க சாக்ஸ் மேல பழியைப் போட்டுடலாம். அலசி, நிழல்ல காய வெச்சு, பேப்பர்ல மடிச்சு, தேதி எழுதி வைங்க. அதே பக்கெட் மண்ணுல அடுத்தாப்புல கத்திரி, மிளகாய் வேணாம். எல்லாம் தக்காளிக்குச் சொந்தக்காரங்க, அதே நோய் வரும். சித்திரை வெயிலுக்கு வெண்டை போடுங்க, தாங்கும். மடிச்ச பேப்பரை மறுபடி புரட்டாசியில பிரிச்சா போதும்.