அரிசியில் கல் பொறுக்குகிறவர்

பந்துக் குளத்துக்கு ஒரு சமையலறைக் கதை உண்டு. பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டி நிரப்பி, குழந்தைகளை விழுந்து புரளவிடும் அந்த ஏற்பாட்டை 1976-ல் அமெரிக்காவின் சான் டியாகோ சீவேர்ல்டில் அமைத்தவர் எரிக் மக்மில்லன். வெங்காயம் நிறைந்த ஜாடி ஒன்றைப் பார்த்தபோது, இதற்குள் ஊர்ந்து போனால் எப்படி இருக்கும் என்று எழுந்த எண்ணம்தான் அதற்கு வித்து என்பார்கள். ஆகவே, உள்ளரங்க விளையாட்டுக் கூடங்களைச் சோதிக்கிறவரின் வேலையையும் அடுக்களை வழியாகவே சொல்லிப் பார்க்கலாம். இடம், பிரிட்டன். அங்கே இந்தக் கூடங்களுக்கு 'சாஃப்ட் பிளே' என்று பெயர்.

கூடம் திறக்குமுன் ஆய்வாளர் வந்துவிட வேண்டும். முழங்கால் பட்டை, டார்ச், அளவு டேப், பை நிறைய அச்சுகளும் கம்பிகளும். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் செய்த குழாய்க்குள் ஐம்பது வயது ஆள் தவழ்ந்து போகிற வேலை இது. வெளியே நின்று வலை வழியாக எட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது, சாம்பாரை மோந்து பார்த்தே உப்புச் சரி என்பதைப் போலத்தான்.

உள்ளே போனதும் சல்லடைக் கணக்கு. மாவு சலிக்கும்போது மாவு கீழே இறங்கிவிடும், கப்பி மேலே தங்கிவிடும், இரண்டாலும் தொல்லையில்லை. சல்லடைக் கண்ணில் சிக்கிக்கொள்ளும் நொய்தான் தொல்லை. விளையாட்டுச் சட்டத்தின் இடைவெளிகளும் அப்படித்தான். கால் நுழைந்து, உடம்பும் நழுவிப் போய், தலை மட்டும் மாட்டிக்கொண்டால் குழந்தை கழுத்தில் தொங்கும். அதனால்தான் இஎன் 1176 என்ற ஐரோப்பியத் தரவிதி இரண்டு அச்சுகளைக் கேட்கிறது. ஒன்று சிறு குழந்தையின் உடம்பளவு, 89-க்கு 157 மில்லிமீட்டர். மற்றது பெரிய தலையளவு, 230 மில்லிமீட்டர் விட்டம். சின்னது நுழையாவிட்டால் சரி. நுழைந்துவிட்டால் பெரியதும் நுழைந்தாக வேண்டும். விரலுக்கும் இதே நியாயம்: சன்னக் கம்பி போகிற ஓட்டையில் 25 மில்லிமீட்டர் கம்பியும் போக வேண்டும். பெரிய ஓட்டையைக் கண்டு அம்மாக்கள் பதறுவார்கள். இவர் தேடுவது இரண்டுங்கெட்டான் ஓட்டையை. வலையைச் சட்டத்தோடு கட்டியிருக்கும் கேபிள் டை ஒன்று அறுந்தால் போதும், நேற்றுவரை சரியாக இருந்த இடைவெளி இன்றைக்கு அந்த ரகத்தில் சேர்ந்துவிடும்.

சறுக்கின் மேல்வாயில் இன்னொரு வித்தை. நுனியில் குமிழ் கோத்த சங்கிலியைச் சறுக்கு வழியே ஓடவிட்டு, எங்காவது சிக்குகிறதா என்று பார்ப்பார். கேஸ் அடுப்பின் திருகில் முந்தானை மாட்டி இழுபட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்கே முந்தானைக்குப் பதில் ஸ்வெட்டர் கயிறு.

அடுத்து மெத்தை. சூடான இட்லியை அழுத்தினால் எழும்பி வரும்; ஃப்ரிட்ஜில் கிடந்த நேற்றைய இட்லி எழும்பாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். விழுகிற தரையைச் சோதிக்கும் முறை இஎன் 1177-ல் இருக்கிறது: 4.6 கிலோ எடையுள்ள தலையுருவை உயரத்தைக் கூட்டிக் கூட்டி விழவிட்டு, தலைக்காயக் குறியீடு 1000-ஐத் தொடுகிற உயரத்தைக் கண்டுபிடிப்பார்கள். அதற்கு மேல் அந்தத் தரையை நம்ப முடியாது. அன்றாட ஆய்வில் இவ்வளவு தூரம் போவதில்லை. உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார்கள். மெத்தையின் ஓரத்தில் அழுத்தினால் பயனில்லை. ஆயிரம் பிள்ளைகள் வந்து உட்கார்ந்த நடுப்பகுதிதான் முதலில் செத்துப்போகும்.

மெத்தென்று இருக்கிறதே என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இங்கிலாந்தின் செஸ்டர் நகரம் சாட்சி. அங்கே ஒரு டிராம்போலின் பூங்காவில், சுமார் 13 அடிக் கோபுரத்திலிருந்து நுரைக்கட்டைக் குழிக்குள் குதிக்கும் விளையாட்டு 2016 டிசம்பரில் தொடங்கியது. சில வாரங்களில் 270 பேருக்குக் காயம். 11 பேருக்கு முதுகெலும்பில் முறிவு. குதித்தவர்கள் உயரத்தைப் பார்த்தார்கள், துணிந்தார்கள். குழி தங்களைத் தாங்காது என்பதை அவர்களால் பார்க்க முடியவில்லை.

இந்த இடத்தில்தான் நல்ல ஆய்வாளரும் வெறும் பயந்தாங்கொள்ளியும் பிரிகிறார்கள். குழம்பில் மிளகாய் கிடப்பது கண்ணுக்குத் தெரியும். பிடிக்காதவன் ஒதுக்கிவிடுவான், துணிந்தவன் கடிப்பான், காரம் பழகுவான். சோற்றில் கல் அப்படியில்லை. கடித்த பிறகுதான் தெரியும், அதற்குள் பல் போயிருக்கும். ஏறுகயிறு, உயரம், ஆட்டம் எல்லாம் மிளகாய். அழுக்கு வினைலுக்குள் துருத்தும் போல்ட், கிழிசலிலிருந்து பிய்த்துத் தின்னத் தோதாக எட்டிப்பார்க்கும் நுரை, இவை கல். தரவிதியும் சிராய்ப்பையும் வீக்கத்தையும் விளையாட்டின் பகுதியாகவே ஏற்கிறது. மிளகாயையும் சேர்த்துப் பொறுக்கி எறிந்துவிட்டால் பத்தியச் சாப்பாடுதான் மிஞ்சும்; பிள்ளைகள் அதைத் தொடமாட்டார்கள், சறுக்கை விட்டுவிட்டு வலைக்கு வெளிப்புறம் ஏறத் தொடங்குவார்கள்.

சோதனையிலும் மூன்று தினுசு உண்டு. அடுப்பைத் துடைப்பது போல ஊழியர்களே அடிக்கடி செய்வது ஒன்று. மளிகை டப்பாக்களை இறக்கித் துடைப்பது போல ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஒருமுறை. போகிக்கு வீட்டையே கவிழ்ப்பது போல வருடாந்தர ஆய்வு. கடைசியதற்குத்தான் பெரும்பாலும் வெளியாளைக் கூப்பிடுவார்கள். அவருக்குக் கூடத்தை இழுத்து மூடும் அதிகாரம் கிடையாது. தரவிதியும் தன்னளவில் சட்டமல்ல. உப்புக் கூடிவிட்டது என்று சொல்லலாம். சட்டியை இறக்க வேண்டியவர் உரிமையாளர்.

கடைசியில், அந்த வெங்காய ஜாடி. உப்பு போதாத ஊறுகாயில் பூசணம் பூக்கும். கழுவாத பந்துக் குளமும் அப்படித்தான். ஆய்வாளர் பந்துகளை ஒதுக்கி அடிவரை பார்க்கிறார். ஒற்றைக் காலுறை, ஹேர்பின், பாதி பிஸ்கட், யாருடைய முழங்காலிலிருந்தோ உரிந்த பிளாஸ்திரி. எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு மேலாளர் மேசையில் வைத்துவிட்டு அறிக்கை எழுத உட்காருகிறார். முதல் வரி: மேல்தளக் குழாய், இடதுபுறம், அறுந்த கேபிள் டை, திறக்குமுன் மாற்றவும்.